நவராத்திரி மண்டபத்தில் நாமகள் கேட்கும் கவிதை

பிறந்த மண்ணை விட்டு வேற்றுமொழி வழங்கும் ஊரில் குடியேறியோர்க்கு விழாக்கள் வெறும் விடுமுறை நாட்களல்ல. மறந்துவிடுவோமோ என்று அஞ்சும் பலவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் எடுத்துத் துடைத்து வைத்துக்கொள்ள அவை உதவுகின்றன. திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு நவராத்திரி அத்தகையதொரு விழா. வீட்டில் படிகட்டிக் கொலு வைக்கிறோம். சுண்டலும் வெற்றிலை பாக்கும் வழங்குகிறோம். மாலையானால் கோட்டைக்குள் பத்மதீர்த்தக் குளத்தை ஒட்டிய நவராத்திரி மண்டபத்திற்குச் செல்கிறோம். அங்கே ஒன்பது இரவுகளிலும் தேவியின் முன்னே வடமொழிக் கீர்த்தனங்கள் பாடப்படுகின்றன. மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் இசை எட்டரை மணிக்கு நிறைவுறுகிறது. ஆடவர் மேற்சட்டையின்றி அமர்தல் வேண்டும்; கைதட்டல் கூடாது. ஆங்கு நிகழ்வது கச்சேரியன்று, வழிபாடு என்பது மரபு.

ஓராண்டு அம்மண்டபத்திலிருந்து திரும்பும் வழியில் உடன் வந்த மகள் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டாள். பள்ளியில் மலையாளமும் வீட்டில் தமிழும் படிக்கும் பெண் அவள். "அப்பா, இவ்வளவு நேரமும் சரஸ்வதியிடம் என்ன கேட்டார்கள்?" என்பதே அக்கேள்வி. இராகத்தின் பெயரைச் சொன்னோம். பாடலின் முதற்சொற்களைச் சொன்னோம். இயற்றியவர் சுவாதித் திருநாள் மகாராஜா என்றும் சொன்னோம். அவள் கேட்டதற்கு மட்டும் நம்மிடம் விடையில்லை. அன்று சொல்ல இயலாத விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை. இசையறிஞர் இக்கீர்த்தனங்களின் இசைச் சிறப்பைப் பலவாறு போற்றியுள்ளனர். அவற்றைக் கவிதையாக வைத்து எடைபோட்டுப் பார்ப்பதே ஈண்டு நம் நோக்கம்.

தேவி வந்த வழி

பாடலை ஆராயுமுன் பாட்டுடைத் தலைவியை அறிந்துகொள்ளல் நலம். மண்டபத்தில் வீற்றிருக்கும் கலைமகள் இவ்வூரில் நிலையாகக் குடிகொண்டவள் அல்லள். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டில் உறைபவள். ஆண்டுதோறும் நவராத்திரிக்காக ஏறத்தாழ 55 கிலோமீட்டர் வழி நடந்து இங்கு எழுந்தருள்பவள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் உடன் வருகின்றனர். குழித்துறையிலும் நெய்யாற்றின்கரையிலும் தங்கி, களியக்காவிளையில் எல்லை கடந்து, கரமனை வழியாக நகருள் புகுகிறது அந்த ஊர்வலம். கலைமகள் நவராத்திரி மண்டபத்திலும், குமாரசுவாமி ஆரியசாலையிலும், நங்கை செந்திட்டையிலும் தங்குகின்றனர்.

இக்கலைமகள் திருவுருவம் கவிச்சக்கரவர்த்தி கம்பர் வழிபட்டது என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அது வரலாற்றுச் சான்றால் நிறுவப்பட்டதா என்பது வேறு வினா. ஒரு நாட்டு மக்கள் தம் அரசவைத் தெய்வத்தைத் தமிழ்ப் புலவன் ஒருவனோடு இணைத்து நினைத்து வந்துள்ளனர் என்பது மட்டும் நமக்குப் போதும். பத்மநாபபுரம் ஒருகாலத்தில் திருவிதாங்கூரின் தலைநகர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. 1956 நவம்பர் 1ஆம் நாள் கல்குளம் பகுதி தமிழ்நாட்டுடன் இணைந்தபோது பத்மநாபபுரமும் தமிழ் மண்ணாயிற்று; ஆயினும் அரண்மனை கேரள அரசின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. ஆகவே, தமிழ்நாட்டில் உறையும் தேவி, கேரளத்திற்கு வந்து, வடமொழியில் பாட்டுக் கேட்டு, மீண்டும் தமிழ்நாடு திரும்புகிறாள். நம்மில் பலர் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் பயணமும் இதே பாதையில்தான், எதிர்த்திசையில் நடைபெறுகிறது.

ஒன்பது பாடல்கள்

சுவாதித் திருநாள் 1813இல் பிறந்து, 1829 முதல் 1846 வரை ஆட்சி செய்து, முப்பத்து மூன்று வயதில் மறைந்தவர். மலையாளம், தெலுங்கு, கன்னடம், இந்துஸ்தானி ஆகிய மொழிகளிலும் பாடல்கள் இயற்றியவர். நவராத்திரிக்கென அமைத்த ஒன்பது கீர்த்தனங்களுக்கு மட்டும் வடமொழி ஒன்றையே தேர்ந்துகொண்டார். முதல் நாள் சங்கராபரணத்தில் 'தேவி ஜகஜ்ஜனனி'. இரண்டாம் நாள் கல்யாணியில் 'பாஹி மாம் ஸ்ரீ வாகீச்வரி'. மூன்றாம் நாள் சாவேரியில் 'தேவி பாவனே'. நான்காம் நாள் தோடியில் 'பாரதி மாமவ'. ஐந்தாம் நாள் பைரவியில் 'ஜனனி மாமவ'. ஆறாம் நாள் பந்துவராளியில் 'ஸரோருஹாஸன ஜாயே'. ஏழாம் நாள் சுத்த சாவேரியில் 'ஜனனி பாஹி ஸதா'. எட்டாம் நாள் நாட்டக்குறிஞ்சியில் 'பாஹி ஜனனி'. ஒன்பதாம் நாள் ஆரபியில் 'பாஹி பர்வத நந்தினி'. இவ்வரிசை மாறுவதில்லை.

இத்தலைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டே கவிஞரின் உள்ளத்தை ஓரளவு காணலாம். 'பாஹி' என்றாலும் 'மாம் அவ' என்றாலும் 'காப்பாற்றுக' என்பதே பொருள். ஒன்பது பாடல்களுள் ஆறு இவ்வேண்டுதலைத் தொடக்கச் சொற்களிலேயே கொண்டுள்ளன. 'ஜனனி', அதாவது தாய் என்னும் சொல் நான்கு பாடல்களின் தலைப்பில் வருகிறது. மகளின் கேள்விக்கு எளிய விடை இதுதான்: தாயே, காப்பாற்று என்று கேட்டார்கள்.

மற்றொன்றும் உற்று நோக்கத் தக்கது. தமிழ் வீடுகளில் முதல் மூன்று நாள் துர்க்கைக்கும், நடு மூன்று நாள் இலக்குமிக்கும், இறுதி மூன்று நாள் கலைமகளுக்கும் உரியன என்று கொள்வது வழக்கம். இக்கீர்த்தனங்கள் அவ்வரிசையைப் பின்பற்றவில்லை. வாகீச்வரி, பாரதி, மலரில் அமர்ந்தோனின் துணைவி என்று நாமகளைக் குறிக்கும் பெயர்கள் இரண்டாம், நான்காம், ஆறாம் நாட்களின் தலைப்புகளில் அமைந்துள்ளன. நாம் வீட்டில் ஏடுகளை அடுக்கிச் சரஸ்வதி பூசை செய்யும் ஒன்பதாம் நாளிலோ மண்டபத்தில் மலைமகள் பாடப்படுகிறாள். இதனைக் குழப்பம் என்று கொள்ளல் ஆகாது. மண்டபத்தில் வீற்றிருப்பவள் கலைமகள் ஒருத்தியே. அவ்வொரு திருவுருவின் முன்னே நின்று மலைமகளையும் பாடலாம், நாமகளையும் பாடலாம், பெயர் சுட்டாது தாயே என்றும் அழைக்கலாம் என்பது கவிஞரின் துணிபு. பதின்மூன்று அத்தியாயங்கள் கொண்ட தேவி மகாத்மியம் பல வடிவங்களையும் ஒரே சக்தியுள் அடக்கிக் காட்டுகிறது. அந்நூலின் கொள்கை கதையாக விரியாமல் இங்கே இசையாக அமைந்துள்ளது எனலாம்.

வடமொழி உடல், தென்மொழி அணி

இக்கீர்த்தனங்களை வடமொழிக் கவிதை என்று கூறும்போது, எத்தகைய வடமொழிக் கவிதை என்று தெளிதல் வேண்டும். காளிதாசனின் காவியங்களில் அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றிவர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அங்கே செய்யுளின் இலக்கணம் குறில் நெடில்களின் அளவைப் பொறுத்தது. சொல்லணிகள் வரலாம், வராமலும் இருக்கலாம். முதலெழுத்து ஒன்றுதலை மோனை என்றும், இரண்டாம் எழுத்து ஒன்றுதலை எதுகை என்றும், இறுதி ஒன்றுதலை இயைபு என்றும் வகுத்துப் போற்றியது தமிழ். தெலுங்கும் கன்னடமும் எதுகையைச் செய்யுளின் உயிராகவே கொண்டன. தென்னாட்டுக் கீர்த்தனம் என்னும் வடிவம் இந்நிலத்தில் வளர்ந்தது. எனவே அது எம்மொழியில் பாடப்பட்டாலும் எதுகை மோனையைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சுவாதித் திருநாள் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய இலக்கண நூலே சான்று. 'முஹனாப்ராஸாந்த்யப்ராஸ வியவஸ்தா' என்பது அதன் பெயர். வடமொழியில் கீர்த்தனம் இயற்றுவோர் முதலெழுத்து, இரண்டாம் எழுத்து, இறுதியெழுத்து ஒற்றுமைகளை எவ்வாறு அமைத்தல் வேண்டும் என்பதை அந்நூல் வகுத்துரைக்கிறது. சொற்கள் வடவர் சொற்கள். அவற்றைக் கோக்கும் நூலோ தெற்கே திரித்தது. இதனை உணர்ந்தபின் மண்டபத்தில் அமர்ந்து கேட்கும் நம் செவி மாறிவிடுகிறது. பல்லவியின் எதுகையை அனுபல்லவி எதிரொலிக்கும்போது, பொருள் விளங்காத நிலையிலும், வெண்பாவில் பழகிய காது அதனை உறவினர் குரலாக இனங்கண்டுகொள்கிறது.

அன்றைய அரசவையின் தன்மையையும் இதனுடன் எண்ணிப் பார்க்கலாம். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு தமிழர். ஆசிரியராயிருந்த சுப்பராவும் இசைவல்ல மேருசுவாமியும் மராத்தியர். இரயிம்மன் தம்பி மலையாளக் கவிஞர். பலமொழியாளர் கூடிய அவையில் வடமொழி எவருக்கும் தாய்மொழியன்று. எனவே எவருக்கும் அயலாகவும் இல்லை. அரசர் தம் மொழியாகிய மலையாளத்தைக்கூட இத்திருமுன்னிலையில் வலியுறுத்தாதது இக்காரணம் பற்றியே ஆகலாம் என்று நாம் கருதுகிறோம்.

அம்மரபைப் பின்னாளில் தாங்கியோர் வரிசையிலும் புலம்பெயர்ந்த தமிழர் பலர் உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த கணபதி சாஸ்திரியார் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையைப் பதிப்பித்தவர். பத்மநாபபுரத்தை அடுத்த மணலிக்கரையில் அவருக்குக் கிடைத்த ஓலைச்சுவடிகளிலிருந்தே, பாசன் இயற்றியவை என அவர் வெளியிட்ட நாடகங்கள் 1912 முதல் உலகறிய வந்தன. 1939இல் நிறுவப்பட்ட இசைக் கழகத்தின் முதல் தலைவர் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவரை அடுத்துச் செம்மங்குடி சீனிவாச ஐயர். முல்லமூடு பாகவதர்கள் எனப்படும் பரம்பரைப் பாடகர் ஆலயச் சூழலில் காத்து வந்த கீர்த்தனங்களை நாடெங்கும் மேடையேற்றியதில் இவ்விருவரின் பங்கு பெரிது. ஆகவே இவ்விழாவில் நாம் வெறும் பார்வையாளர் அல்லேம்.

குறையும் சொல்ல வேண்டும்

உரிமை உடையோர்க்குக் குறை சொல்லும் கடமையும் உண்டு. கவிதை என்ற அளவில் நோக்கின், இக்கீர்த்தனங்கள் பெரும்பாலும் பெயர்களின் அடுக்குகளே. மதிபோன்ற முகம், தாமரைக் கண், அசுரரை அழித்த ஆற்றல், வானோர் வணங்கும் திருவடி என்று தோத்திர மரபு பன்னூறாண்டுகளாகச் சேர்த்து வைத்த அடைமொழிகளே இங்கும் தொகைச்சொற்களாய்த் தொடர்கின்றன. ஒன்பது பாடல்களின் அடைமொழிகள் சிலவற்றை இடம் மாற்றி வைத்தாலும் கருத்து பெரிதும் கெடாது. பத்மநாபனின் பெயரை முத்திரையாகப் பதிக்கும்போதுகூட அரசர் தம்மை மறைத்துக்கொள்கிறார். இளமையிலேயே அரியணை ஏறி, ஆங்கிலேயரின் மேலாட்சிக்கு உட்பட்டு நாடாண்ட ஒருவரின் உள்ளத்து நோவு என்ன, அவர் எதிலிருந்து காக்கப்பட வேண்டினார் என்பதை இச்சொற்கள் நமக்குக் கூறுவதில்லை.

இவ்விடத்தில் குமரகுருபரரை நினையாதிருக்க முடியவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த அத்தமிழ்த் துறவி காசி சென்றார். ஆங்கு ஆட்சி செய்தோரிடம் உரையாட அவர்தம் மொழி வேண்டியிருந்தது. அம்மொழியை அருளுமாறு கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலையைப் பாடினார் என்பது வரலாறு போற்றும் மரபு. பத்தே பாடல்கள். கேட்பது இன்னது என்று அவருக்குத் தெரியும், நமக்கும் தெரிகிறது. வேற்றூர் சென்ற தமிழன் ஒருவன், வேற்றுமொழியைத் தன் தாய்மொழியில் கேட்ட பாட்டு அது. இடம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்களுக்கு அதனினும் நெருங்கிய நவராத்திரிப் பாடல் வேறு இருத்தல் அரிது.

பாரதியாரோ இன்னும் ஒருபடி சென்றார். ஏடுகளை அடுக்கிச் சந்தனமும் மலரும் சாத்துவதோடு கலைமகள் பூசை முடிந்துவிடுவதில்லை, ஊர்தோறும் கல்வி பரவச் செய்வதே பூசை என்ற கருத்தைத் தம் கலைமகள் பாடலில் நிறுவினார். பொருளறியாது பிறமொழிக் கீர்த்தனங்களை ஒப்பிக்கும் வழக்கத்தையும் அவர் கடிந்துள்ளார். 1940களில் எழுந்த தமிழிசை இயக்கத்தின் வினாவும் இதுவே: விளங்காத சொல்லால் உள்ளம் உருகுமா? இவ்வினாவை நம் மகளும் தன் வழியில் கேட்டுவிட்டாள்.

இசை தரும் பொருள்

ஆயினும், அச்சிட்ட தாளில் மட்டும் இக்கீர்த்தனங்களைப் படித்துத் தீர்ப்புக் கூறுவது, விதையைக் கையில் வைத்துக்கொண்டு மரத்திற்கு நிழல் இல்லை என்பது போலாகும். மண்டபத்தில் அன்றன்றைய கீர்த்தனமே தலைமை பெறுகிறது. அதற்கு முன் இராகம் விரிகிறது; பின்னர்த் தானம். தானத்திற்கு மிருதங்கம் உடன் ஒலிப்பது இம்மண்டபத்தின் தனி வழக்கு. நெடுநேரம் சொல்லே இல்லாமல் இராகத்தில் திளைத்த பின்னர், முதற்சொல் வருகிறது: 'ஜனனி'. தாளில் வெறும் விளியாகக் கிடந்த அச்சொல், பைரவியில் திரும்பத் திரும்ப வெவ்வேறு சங்கதிகளாய் வரும்போது ஒருமுறை அழைப்பாகவும், ஒருமுறை முறையீடாகவும், ஒருமுறை ஆறுதலாகவும் நிற்கிறது. தனித்தன்மையற்ற அடைமொழிகள் என்று நாம் குறைகூறியவை, பாடுவோர் தம் உள்ளத்தை இட்டு நிரப்புதற்கு ஒழித்துவைத்த இடங்களாகின்றன. கவிஞர் தம்மை மறைத்துக்கொண்டது பாடுவோருக்கும் கேட்போருக்கும் இடம் விடுதற்கே என்று கொள்ளின், குறையென்று கண்டது கொடையாகவும் தோன்றும்.

அவ்விடத்தில் யார் குரல் ஒலிக்கலாம் என்பதும் ஒரு வினாவாகவே நெடுங்காலம் இருந்தது. சொல்லுக்குத் தலைவி ஒரு பெண். அவள் திருமுன்னர்ப் பாடும் உரிமை ஆடவர்க்கே! இம்முரண்பாடு 2006ஆம் ஆண்டில் நீங்கிற்று. பாறசாலை பொன்னம்மாள் எண்பது வயதைக் கடந்த நிலையில் அம்மண்டபத்தில் அமர்ந்து பாடினார். சுவாதித் திருநாள் இசைக் கழகத்தின் முதல் மாணவியும், பின்னர் அங்கே முதல் பெண் ஆசிரியருமானவர் அவர், 2021இல் மறைந்தார். களியக்காவிளையைக் கடந்த தேவியின் ஊர்வலம் ஆண்டுதோறும் செல்லும் ஊர் பாறசாலை. அவ்வூர்ப் பெண்ணின் குரலைக் கேட்க மண்டபம் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று. 'தாயே' என்னும் விளியைத் தாயின் வயதுடைய ஒருவர் பாடியபோது அக்கவிதை முழுமை பெற்றது என்றே நாம் கருதுகிறோம். மரபு உடைந்ததாக வருந்தியோர் இருக்கலாம். பாடலின் ஓரெழுத்தும் மாறவில்லை; இராகமும் மாறவில்லை; மாறியது தகுதி பற்றிய நம் எண்ணம் மட்டுமே. எதனைக் காத்தல் வேண்டும், எதனை நீக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

நாம் செய்யத் தக்கது

திறனாய்வு பயன்தர வேண்டுமாயின் ஒரு செயலில் முடிதல் நன்று. மண்டபத்தில் தமிழ்ப்பாட்டு வேண்டும் என்று வழக்காடுவது நம் கருத்தன்று. ஒன்பது கீர்த்தனங்களின் ஒழுங்கு ஒரு முழுமை. அதில் கைவைத்தல் தகாது. நம் கையில் இருப்பது நம் வீடும் நம் சங்கமும். மாலையில் புறப்படுமுன் அன்றைய கீர்த்தனத்தின் பொருளைப் பிள்ளைகளுக்குத் தமிழில் ஒரு கால்மணி நேரம் எடுத்துரைத்தல் இயலும். மலையாளம் படித்த பிள்ளைகளுக்கு வடசொற்களிற் பாதி முன்பே பழக்கமானவை; தொகைச்சொல்லைப் பிரித்துக் காட்டினால் நம்மினும் விரைந்து அவர்கள் பொருள் கொள்வதைக் கண்டிருக்கிறோம். திரும்பி வந்து கொலுவின் முன்னே சகலகலாவல்லி மாலையுள் ஒரு பாட்டைச் சொல்லச் செய்யலாம். மண்டபத்தில் வடமொழி, வீட்டில் தமிழ் என்று இரண்டும் ஒரே மாலையில் ஒரு பிள்ளையின் செவியில் சேர்ந்தால், ஒன்று மற்றொன்றைத் துரத்துவதில்லை. கம்பரின் தேவி வடமொழி கேட்கிறாள். காசி சென்ற குமரகுருபரர் தமிழில் வேற்றுமொழி கேட்டார். இவ்விரண்டுக்கும் இடையில்தான் நம் வாழ்க்கை நடைபெறுகிறது.

சென்ற நவராத்திரியில் அவ்வாறே செய்து பார்த்தோம். ஐந்தாம் நாள் மண்டபத்திற்குச் செல்லுமுன் 'ஜனனி மாமவ' என்பதன் பொருளைச் சொன்னபோது, மகள் சற்று எண்ணிவிட்டு, "காப்பாற்று என்று மட்டும்தானா? எதிலிருந்து என்று சொல்லவில்லையா?" என்றாள். "அதை நீயே சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார் அம்மா" என்றோம். அன்றிரவு பைரவி முடிந்து தீபாராதனையின்போது அவள் கண்மூடி நின்றாள். என்ன கேட்டாள் என்று நாம் வினவவில்லை.